லிங்க்கைத் தொட்டால் புது டேப் திறக்க வேண்டுமா? முதன்முதலாகத் தளம் வைப்பவர்களுக்கு

மண்டபத்துக் கருவாட்டுக் கடைக்கோ, கீழக்கரைத் தொதல் வியாபாரத்துக்கோ, ராமேஸ்வரத்துத் தங்கும் விடுதிக்கோ முதன்முதலாக வெப்சைட் செய்ய உட்காருபவர் ஒரு சின்னக் கட்டத்தின் முன்னால் நின்றுவிடுவார். லிங்க் சேர்க்கும்போது 'புது டேப்பில் திற' என்று ஒரு டிக் பெட்டி வரும். டிக் செய்வதா, விடுவதா? பெரும்பாலானோர் எல்லாவற்றுக்கும் டிக் செய்துவிடுகிறார்கள். 'வெளியே போகிற ஆள் நம் பக்கத்தை மறந்துவிடக் கூடாது' என்ற எண்ணம்தான் காரணம். அந்த எண்ணத்தில் தப்பில்லை. ஆனால் அதற்கு அந்த டிக் உதவாது.

விதியை முதலிலேயே சொல்லிவிடலாம். லிங்க் அதே டேப்பில்தான் திறக்க வேண்டும். வாசகர் உங்கள் பக்கத்தில் பாதி முடித்த வேலை ஒன்று கையில் இருந்து, லிங்க்கைத் தொட்டால் அது அழிந்துபோகும் என்றால் மட்டும் புது டேப். இந்த இரண்டாவது வகை நினைப்பதைவிட மிகக் குறைவு. ஒரு சாதாரணக் கடைத் தளத்தில் ஒன்றோ இரண்டோ தேறும்.

ஏன் அதே டேப்?

புது டேப் வேண்டும் என்று நினைக்கும் வாசகர் அதைத் தானே திறந்துகொள்ள முடியும். போனில் லிங்க்கை அழுத்திப் பிடித்தால் மெனு வரும். புது டேப்பில் திறக்கும் வரி அதில் இருக்கும். கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு சொடுக்கலாம், மவுஸின் நடுச் சக்கரத்தாலும் சொடுக்கலாம். ஆனால் நீங்கள் புது டேப்பில் திறக்கும்படி எழுதிவிட்ட லிங்க்கை 'எனக்கு அதே டேப்பிலேயே வேண்டும்' என்று மாற்ற, சாதாரண வாசகருக்கு எளிய வழி எதுவும் இல்லை. அதாவது அந்த டிக் வாசகருக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. அவர் கையில் இருந்த ஒரு தேர்வை எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது பேக் பட்டன். இணையத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வழிகாட்டி அதுதான். தேவிபட்டினத்தில் நவபாஷாணம் பார்க்க வரும் பெரியவர் ஒருவர், உங்கள் விடுதிப் பக்கத்திலிருந்து கோயில் நேரம் பார்க்க லிங்க்கைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் என்றால் புது டேப்புக்குப் பின்வரலாறு கிடையாது. பேக் அம்பு மங்கி நிற்கும். திரும்ப வழி தெரியாமல் மூடிவிடுவார். ஆண்ட்ராய்டு குரோமில் நிலைமை கொஞ்சம் மேல்: லிங்க்கிலிருந்து பிறந்த டேப்பில் பேக் அழுத்தினால் அந்த டேப் மூடி, பழைய பக்கம் வந்துவிடும். ஆனால் அவர் பேக் அழுத்தாமல் போனை மூடி வைத்துவிட்டால் அந்த டேப் அப்படியே கிடக்கும். நாளடைவில் அது குவியலாகிறது. டேப் எண்ணிக்கை நூறைத் தொட்டால் ஆண்ட்ராய்டு குரோம் எண் காட்டுவதை விட்டுவிட்டு ஒரு சிரிப்பு முகம் காட்டும். அந்த முகத்தோடு புழங்கும் போன்கள் ஏராளம். உங்கள் விடுதிப் பக்கம் அந்தக் குவியலுக்குள் எங்கோ இருக்கும். வாசகரைப் பிடித்துவைத்ததாக நீங்கள் நினைத்தது இதைத்தான்.

இது இன்று நேற்று வந்த கருத்தும் அல்ல. பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1999-லேயே புது விண்டோ திறப்பதை இணைய வடிவமைப்பின் தவறுகளில் ஒன்றாகச் சேர்த்தார். அப்போது டேப் வசதி பரவலாகவில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே 2006-இல் ஏழாம் பதிப்பில்தான் டேப் வந்தது. விண்டோ போய் டேப் வந்தது. குழப்பம் மட்டும் போகவில்லை. வெப் அணுகல்தன்மை நெறிமுறையான டபிள்யூ.சி.ஏ.ஜி.யும் இதையே சொல்கிறது: தேவைப்பட்டால் மட்டும் புது டேப், திறந்தால் முன்கூட்டியே சொல்.

புது டேப் சரியாக இருக்கும் இடங்கள்

படிவம்தான் முதலிடம். விடுதியில் அறை பதியும் படிவத்தில் பெயர், தேதி, ஆட்கள் எண்ணிக்கை என்று எட்டுக் கட்டம் நிரப்பியாயிற்று. ஒன்பதாவது கட்டத்துக்குப் பக்கத்தில் 'ரத்து விதிகள்' என்று லிங்க். அதைத் தொட்டு, படித்து, பேக் வந்தால் எட்டுக் கட்டமும் காலியாக இருக்கலாம். சில பிரவுசர்கள் பக்கத்தை நினைவில் வைத்திருந்து அப்படியே மீட்டுத் தரும். ஆனால் எல்லாப் பக்கத்துக்கும் அது நடக்காது, நம்பி இருக்க முடியாது. இங்கே புது டேப் நியாயம்.

ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது; புதியவர்கள் கவனிக்காமல் விழுவது இதில்தான். 2 ஜிபி, 3 ஜிபி ராம் உள்ள போனில், புது டேப் திறந்தவுடன் பழைய டேப் பின்னணிக்குப் போகும். நினைவகம் போதாவிட்டால் ஆண்ட்ராய்டு அந்தப் பழைய டேப்பை வெளியேற்றிவிடும். திரும்பி வந்தால் பக்கம் முதலிலிருந்து மறுபடி இறங்கும். நிரப்பிய கட்டங்கள் போய்விடும். அந்த நேரத்தில் சிக்னல் அறுந்திருந்தால் பக்கமே வராது. படகிலிருந்தோ, தனுஷ்கோடி மணல்திட்டிலிருந்தோ பார்ப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த இழப்பைத் தடுக்கப் புது டேப் போட்டீர்களோ, அதே இழப்பு புது டேப்பாலேயே வருகிறது.

அதனால் படிவத்துக்கு இந்த வரிசையில் யோசியுங்கள்.

1. அந்த விவரத்தைப் படிவத்துக்குள்ளேயே சொல்ல முடியுமா? 'வருவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும்' என்பது ஒரே வரி. லிங்க்கே வேண்டாம்.
2. நீளமாக இருந்தால் மடித்து வையுங்கள். பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் 'டீடெயில்ஸ்', 'சம்மரி' என்று இரண்டு டேக் (குறிச்சொல்) இருக்கின்றன. தலைப்பைத் தொட்டால் கீழே விரியும், மறுபடி தொட்டால் சுருங்கும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒரு வரிகூட வேண்டாம். பக்கம் மாறாது, கட்டங்கள் அப்படியே இருக்கும்.
3. வேறு தளத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றால் மட்டும் புது டேப். அதோடு, கட்டங்களில் எழுதுவதை அவ்வப்போது லோக்கல் ஸ்டோரேஜில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடம்) சேமிக்கும்படி தளத்தை அமையுங்கள். பக்கம் மறுபடி இறங்கினாலும் எழுதியது வந்துவிடும். ஆதார் எண், கார்டு எண் போன்றவற்றை மட்டும் அப்படிச் சேமிக்கக் கூடாது. இ-சேவை மையம் போன்ற பொதுக் கம்ப்யூட்டரில் அடுத்து உட்காருபவர் கண்ணில் பட்டுவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒலி, வீடியோ இன்னொரு இடம். பாம்பன் தூக்குப்பாலம் பற்றிப் பத்து நிமிட வீடியோ ஓடும்போது கீழே உள்ள லிங்க் பக்கத்தை மாற்றினால் வீடியோ நின்றுபோகும். அங்கே புது டேப் வைக்கலாம்.

பிடிஎஃப் கொஞ்சம் இரண்டுங்கெட்டான். கம்ப்யூட்டரில் பிடிஎஃப் பிரவுசருக்குள்ளேயே திறக்கும்; படித்து முடித்தவர் ஃபைலை மூடுவதாக நினைத்து டேப்பையே மூடிவிடுவார், உங்கள் தளமும் சேர்ந்து போகும். அதனால் அங்கே புது டேப் உதவும். பல ஆண்ட்ராய்டு போன்களிலோ பிடிஎஃப் திறக்காமல் டவுன்லோடு ஆகும்; புது டேப் ஒரு நொடி வெள்ளையாக மின்னி மறையும். எப்படி வைத்தாலும் லிங்க்கின் எழுத்திலேயே 'விலைப்பட்டியல், பிடிஎஃப், 2 எம்பி' என்று சொல்லிவிடுங்கள். டேட்டா தீரும் நிலையில் இருப்பவர் அதைப் பார்த்து முடிவெடுப்பார்.

புது டேப் கூடவே கூடாத இடங்கள்

பணம் செலுத்தும் பக்கம். போனில் யுபிஐ தேர்ந்தெடுத்தால் பிரவுசரிலிருந்து யுபிஐ செயலிக்குத் தாவும், பணம் போனதும் பிரவுசருக்குத் திரும்பும். பணப் பக்கம் புது டேப்பில் இருந்தால் 'ஆர்டர் கிடைத்தது' என்ற செய்தி அந்தப் புது டேப்பில் வரும். பழைய டேப்பில் கூடை அப்படியே நிற்கும். வாங்குபவர் பழைய டேப்பைப் பார்த்துவிட்டுப் பணம் போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்புவார். அப்புறம் திருப்பிக் கொடுப்பது, போனில் விளக்குவது என்று உங்கள் ஒரு நாள் போய்விடும். தவிர, சர்வரிடம் கேட்டுப் பதில் வந்த பிறகு ஸ்கிரிப்ட் (பக்கத்தில் ஓடும் நிரல்) மூலம் புது டேப் திறக்கப் பார்த்தால் பாப்-அப் தடுப்பான் மறித்துவிடும். விரல் தொட்ட பிறகு சில நொடிகளுக்கு மட்டுமே பிரவுசர் அதை அனுமதிக்கும். நெட் மெதுவான இடத்தில் அந்த நொடிகள் கடந்துபோகும், 'பட்டன் வேலை செய்யவில்லை' என்று புகார் வரும். பணம் எப்போதும் அதே டேப்பில்.

போன் நம்பர், வாட்ஸ்அப், கூகுள் மேப் லிங்க்குகள். இவை போனில் வேறு செயலியைத் திறப்பவை. புது டேப் என்று எழுதினால் செயலிக்குப் பின்னால் வெற்று டேப் ஒன்று மிச்சம் கிடக்க வாய்ப்புண்டு. எதுவும் எழுதாமல் விடுங்கள்.

உங்கள் தளத்துக்குள்ளேயே போகும் லிங்க்குகள்: முகப்பு, விலை, தொடர்பு. மெனுவில் ஒவ்வொன்றும் புது டேப்பில் திறந்தால் ஐந்து தொடுகைக்கு ஐந்து டேப்.

வெறுமனே படிக்கப் போகும் வெளித்தளங்களும் இந்த வகைதான். மீனவர் சங்கப் பக்கத்திலிருந்து ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்புக்கோ, வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கைக்கோ போகும் லிங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்கு உங்கள் பக்கத்தில் இழக்க எதுவும் இல்லை. எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் பேக் வந்துவிடுவார். அதைவிட முக்கியம், நேற்றுத் திறந்த டேப் குவியலில் கிடந்து, பழைய முன்னறிவிப்பை இன்றையது என்று அவர் படித்துவிடக் கூடாது. இந்த ஒரு காரணமே போதும், வானிலை லிங்க்குகளை அதே டேப்பில் வைக்க.

தளத்தைச் சுத்தம் செய்வது எப்படி

முதலில் கணக்கெடுங்கள். கம்ப்யூட்டரில் உங்கள் பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல், யு இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் மூலக்குறி வரும். அதில் கண்ட்ரோல், எஃப் அழுத்தி 'பிளாங்க்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். லிங்க் டேக்கில் 'டார்கெட்' என்ற பண்புக்கு அண்டர்ஸ்கோருடன் இந்தச் சொல் மதிப்பாக இருந்தால் அது புது டேப் லிங்க். எத்தனை என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'இதைத் தொடும்போது வாசகர் எதை இழப்பார்?' என்று பதில் எழுதுங்கள். பதில் இல்லாதவற்றில் அந்த டார்கெட்டை நீக்குங்கள்.

வேர்ட்பிரஸ் மென்பொருளில் செய்த தளம் என்றால் லிங்க்கைத் தொட்டு, பென்சில் குறியை அழுத்தி, கூடுதல் அமைப்புகளில் டிக்கை எடுத்துவிடலாம். பழைய பாணித் தீம்களின் மெனுவில்தான் பலர் தவிப்பார்கள், ஏனென்றால் அங்கே அந்த டிக் பெட்டியே தெரியாது. மெனு திருத்தும் பக்கத்தின் மேல் வலது மூலையில் 'ஸ்கிரீன் ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்து 'லிங்க் டார்கெட்' என்பதை டிக் செய்த பிறகுதான் ஒவ்வொரு மெனு வரியிலும் பெட்டி வெளிப்படும். பிளாகரில் லிங்க் சேர்க்கும் சின்னப் பெட்டியிலேயே அது இருக்கிறது.

எல்லா டிக்கையும் எடுத்த பிறகும் புது டேப் திறந்துகொண்டே இருந்தால், பக்கத்தின் தலைப்பகுதியில் 'பேஸ்' என்ற டேக் இருக்கிறதா பாருங்கள். அதில் டார்கெட் எழுதியிருந்தால் பக்கத்தின் லிங்க்குகள் அத்தனைக்கும் அதுவே சட்டம். பக்கத்துக்குள்ளேயே கீழே இறங்கும் # லிங்க்குகூட, தனக்கென்று டார்கெட் இல்லாவிட்டால், புது டேப்பில் திறக்கும். அந்த டார்கெட்டை நீக்கினால் தீர்ந்தது. அங்கேயும் இல்லை என்றால் கூடுதல் வசதிக்காகச் சேர்த்த பிளக்-இன் ஏதாவது வெளி லிங்க்குகளுக்கு ஸ்கிரிப்ட் மூலம் சேர்த்துக்கொண்டிருக்கும். பிளக்-இன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

மிச்சம் வைத்தவற்றுக்கு அடையாளம்

புது டேப்பில் திறக்கும் என்று வைத்துக்கொண்ட லிங்க்கின் எழுத்துக்குள்ளேயே அதைச் சொல்லுங்கள்: 'ரத்து விதிகள் (புது டேப்பில் திறக்கும்)'. இடம் இல்லை என்றால் சதுரத்திலிருந்து அம்பு வெளியேறும் குறியைப் போடலாம். ஆனால் அந்தக் குறிக்கு மாற்று எழுத்து அவசியம். பார்வையற்றவர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கிலோ (ஆண்ட்ராய்டு போன்) என்விடிஏவிலோ (கம்ப்யூட்டர்) கேட்கும்போது குறி மட்டும் இருந்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது; புது டேப் திறந்தது தெரியாமல் பேக்கைத் தேடுவார். அடையாளத்தை லிங்க்கின் உள்ளே வையுங்கள். வெளியே வைத்தால் லிங்க்கிலிருந்து லிங்க்குக்குத் தாவிக் கேட்பவர் காதில் அது விழாது. அதே காரணத்தால் 'இங்கே சொடுக்கவும்' என்று லிங்க் எழுத்து வைக்காதீர்கள். பத்து லிங்க்கும் 'இங்கே' என்று கேட்டால் எது விலை, எது முகவரி?

பாதுகாப்பு

புது டேப்பில் திறந்த தளம், தன்னைத் திறந்த பழைய டேப்பை 'ஓப்பனர்' என்ற பிடி வழியாகத் தொட முடியும். தீய தளம் என்றால், வாசகர் புது டேப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் உள்ள உங்கள் பக்கத்தை எடுத்துவிட்டுப் போலி லாகின் பக்கத்தை வைத்துவிடும். திரும்பி வருபவர் உங்கள் தளம்தான் என்று நம்பிப் பாஸ்வேர்டைத் தட்டுவார். இதைத் தடுக்க லிங்க்கின் 'ரெல்' பண்பில் 'நோஓப்பனர்' (noopener) என்று எழுத வேண்டும். சஃபாரி 2019-இல் 12.1 பதிப்பிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2020-இல் 79-ஆம் பதிப்பிலும், குரோம் 2021-இல் 88-ஆம் பதிப்பிலும் இதைத் தானாகவே செய்யத் தொடங்கின. ஆனாலும் எழுதுங்கள். பல வருடமாக அப்டேட் செய்யாத போன் கடைத்தெருவில் எத்தனையோ உண்டு. ஸ்கிரிப்டில் 'விண்டோ ஓப்பன்' கொண்டு திறந்தால் இந்தத் தானியங்கிக் காப்பு கிடையாது; அங்கே நோஓப்பனரை மூன்றாவது மதிப்பில் நீங்களே எழுதியாக வேண்டும்.

'நோரெஃபரர்' என்று இன்னொன்று இருக்கிறது. அது நோஓப்பனர் வேலையையும் செய்யும், வாசகர் எங்கிருந்து வந்தார் என்பதையும் மறைக்கும். விடுதித் தளத்திலிருந்து படகுக்காரர் தளத்துக்கு ஆள் அனுப்புகிறீர்கள், அவர் தன் கணக்கில் 'விடுதி வழியாக இத்தனை பேர்' என்று பார்க்க விரும்புகிறார் என்றால் நோரெஃபரர் போட்டால் அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாது. அவசியம் இல்லாமல் சேர்க்க வேண்டாம்.

நோஓப்பனருக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. கூடையில் சேர்த்த பொருள்களை உங்கள் தளம் செஷன் ஸ்டோரேஜில் (அந்த ஒரு டேப்புக்கு மட்டும் உரிய சேமிப்பிடம்) வைத்திருந்தால், புது டேப்பில் திறந்த உங்கள் பக்கத்துக்கு அது வராது. அந்த டேப் வெறுங்கையோடு தொடங்கும். அரைக் கிலோ நெத்திலி சேர்த்தவர் புது டேப்பில் கூடையைப் பார்த்தால் காலி. உங்கள் தளத்துக்குள் போகும் லிங்க்கை அதே டேப்பில் வைத்தால் இந்தத் தொல்லை வராது. கூடையை லோக்கல் ஸ்டோரேஜுக்கோ சர்வருக்கோ மாற்றிவிட்டால் வாசகர் தானே திறந்துகொள்ளும் டேப்பிலும் அது இருக்கும்.

சோதித்துப் பார்ப்பது

கைக்குக் கிடைக்கும் போன்களில் மிகப் பழையதை எடுங்கள். உங்கள் புது போனில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

முகப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு லிங்க்கையும் தொட்டு, பேக் அழுத்தி, புறப்பட்ட இடத்துக்கே வருகிறதா பாருங்கள். பிறகு உங்கள் தள முகவரியை ஃபேஸ்புக்கில் போட்டு, அந்தச் செயலிக்குள்ளிருந்தே திறந்து அதையே செய்யுங்கள். செயலிக்குள் இருக்கும் பிரவுசரில் பெரும்பாலும் டேப்பே கிடையாது; புது டேப் லிங்க்கும் அதே திரையில் திறந்து, உங்கள் படிவத்தை மூடிவிடலாம். அங்கே படிவம் பிழைக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்து டாக்பேக்கை ஆன் செய்து, திரையைப் பார்க்காமல் வலப்பக்கம் விரலை இழுத்து இழுத்து லிங்க்குகளைக் கேளுங்கள். இருமுறை தட்டினால் லிங்க் திறக்கும். திறக்கும் முன்பே 'புது டேப்பில் திறக்கும்' என்று காதில் விழ வேண்டும்.

கடைசியாகப் படிவச் சோதனை. பாதிப் படிவத்தை நிரப்புங்கள். உள்ளே இருக்கும் புது டேப் லிங்க்கைத் தொட்டு, அந்த டேப்பைத் திறந்தே வையுங்கள். கேமராவைத் திறந்து நான்கு படம் எடுங்கள், யூடியூபில் ஒரு வீடியோ ஓட்டுங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு பதில் அனுப்புங்கள். டேட்டாவை ஆஃப் செய்துவிட்டுப் பழைய டேப்புக்குத் திரும்புங்கள். கட்டங்கள் நிரம்பியபடி இருந்தால் அந்த லிங்க்கை அப்படியே விடலாம். காலியாக வந்தாலோ, 'இணைப்பு இல்லை' என்று வந்தாலோ, மேலே சொன்ன மூன்று படிகளில் முதல் படிக்குப் போய் அந்த லிங்க்கையே எடுத்துவிட்டு, விவரத்தைப் படிவத்துக்குள் எழுதுங்கள்.